படத்துள் எழுதப்பெறும் குறிப்பு

ஓலைச்சுவடிகளில் நூல் முடிந்த இடத்திலே, அதனைப் படியெடுத்தவர் சில வரிகளை எழுதி வைத்தல் முன்னாளில் வழக்கமாயிருந்தது. எழுதி முடித்த ஆண்டு, திங்கள், நாள், எழுதியவர் பெயர் ஆகியன அவ்வரிகளிற் காணப்படும். அவை இல்லாவிடினும் நூலிற் குறைவொன்றும் நேராது. ஆயினும் அச்சுவடி எக்காலத்தது, யார் கைப்பட்டு வந்தது என்பதைப் பின்வந்தோர் அறிதற்கு அவ்வரிகளே சான்றாயின. காகித நிழற்படங்கள் வழங்கிய காலத்திலும் நம் வீடுகளில் இவ்வழக்கம் இருந்தது. படத்தின் பின்புறத்தே பென்சிலால், "அண்ணர் திருமணம், 1958" என ஒரு வரி எழுதி வைப்பர். அவ்வரி இல்லாத படங்களில் நிற்போர் யார் என்பது, இரண்டு தலைமுறை கழிந்ததும், கேட்டறிய ஆளில்லாத வினாவாகி விடுகின்றது.

இன்று படங்களிற் பெரும்பாலானவை கணினிக் கோப்புகளாகவே உள்ளன. கோப்புக்குப் பின்புறம் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். பின்புறம் இல்லையாயினும், உருவத்தைக் காட்டும் தரவுகளுக்குப் புறம்பாக, எழுத்துக் குறிப்புகள் பதிதற்கென்றே சில அறைகள் அக்கோப்பினுள் உண்டு. அவ்வறைகளிற் பதியும் குறிப்புகளை மீதரவு என்பர். தரவைப் பற்றிய தரவு என்பது அதன் பொருள். அக்குறிப்புகளை வாசிக்கவும் எழுதவும் வல்ல மென்பொருள் ஒன்றை நம் தேவைக்கு ஏற்ப எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அவ்வறைகளின் வகையை அறிதல் வேண்டும். அவை மூன்று. ஒன்று எக்சிஃப். யப்பானிய மின்னணுத் தொழிற் சங்கமொன்று 1995 இல் வகுத்த முறை இது. படம் எடுக்கும் வேளையில் கமராவே இதனை எழுதுகின்றது. நாள், நேரம், வில்லையின் குவியத்தூரம், ஒளி புகவிட்ட கால அளவு, சில கமராக்களில் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் இங்கே பதியும். இரண்டாவது ஐ.பி.ரி.சி. செய்தித்தாள்களும் செய்தி நிறுவனங்களும் படங்களைத் தந்தி வழியாகப் பரிமாறிக்கொள்ளும் தேவையிலிருந்து எழுந்தது இது. 1965 இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதனை வகுத்தது. படத்தின் விளக்கம், எடுத்தவர் பெயர், நகரம், நாடு ஆகியன இதிலே இடம்பெறும். மூன்றாவது எக்ஸ்.எம்.பி. இதனை அடோபி நிறுவனம் 2001 இல் வெளியிட்டது. 2012 இல் இது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. மூன்றினுள்ளும் விரிவுக்கு இடந்தருவது இதுவே.

ஒரே செய்தி மூன்று அறைகளிலும் இருக்கலாம் என்பதே இங்குள்ள முதற் சிக்கல். ஓர் அறையில் விளக்கத்தைத் திருத்திவிட்டு மற்றிரண்டையும் திருத்தாது விட்டால், ஒரு செயலி பழைய பெயரையும் இன்னொரு செயலி புதிய பெயரையும் காட்டும். எதனை நம்புவது? ஆதலால், அறைகளை அறிந்து வாசிக்கும் கருவி ஒன்று வேண்டியதாயிற்று.

அத்தகைய கருவிகளுள் இரண்டு பெயர்பெற்றவை. ஒன்று எக்சிவ்2, 2004 இல் வெளிவந்தது, டிஜிகாம் போன்ற பட ஒழுங்கமைப்புச் செயலிகள் இதனைத் தம்முள்ளே கொண்டுள்ளன. மற்றையது எக்சிஃப்டூல். கனடா நாட்டவரான பில் ஹாவி என்பார் பேர்ள் என்னும் நிரல்மொழியில் இயற்றி 2003 இல் வெளியிட்டது, விலையின்றிக் கிடைப்பது. பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தத்தக்க நூலகமாகவும், நாமே கட்டளையிட்டு இயக்கத்தக்க செயலியாகவும் இஃது இருவகையில் அமைந்திருக்கின்றது. நமது விளக்கத்துக்கு இதனையே எடுத்துக்கொள்வோம். கட்டளைகளை எழுத்தெழுத்தாக வானொலியிற் சொல்லுதல் பயன்தராது; அவை அக்கருவியுடன் வரும் கையேட்டில் உள்ளன. எதனை, ஏன் அமைக்க வேண்டும் என்பதையே இங்கு கூறுவோம்.

எக்சிஃப்டூல் தொடங்கும்போது பயனரின் இல்லக் கோப்புறையில் அமைவுக் கோப்பு ஒன்று உளதா எனத் தேடும். புள்ளியிற் தொடங்கும் குறித்த பெயரையுடைய அக்கோப்பு இருந்தால், அதிலுள்ளவாறு நடந்துகொள்ளும். வேறிடத்திலுள்ள கோப்பைக் காட்ட விரும்பினால், கட்டளை வரியில் அதனை முதற் சொல்லாகவே கொடுத்தல் வேண்டும். பிந்திக் கொடுத்தாற் கருவி அதனை ஏற்காது. இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. அமைவுக் கோப்பு வெறும் விருப்பப் பட்டியல் அன்று; அதுவே ஒரு பேர்ள் நிரலாகும். அதிலுள்ளது எதுவோ அஃது இயங்கும். ஆகவே, அறியாதார் தந்த அமைவுக் கோப்பை வாசித்துப் பாராமல் இயக்குதல், அறியாதார் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுப்பது போலாகும்.

இனி, தமிழில் எழுதுவோர்க்கு எல்லாவற்றிலும் முதன்மையான அமைவு எழுத்துமுறை பற்றியது. யூனிக்கோட்டு முறையிலே தமிழின் ஒவ்வொரு குறியும், யூ.ரி.எஃப்.-8 வடிவத்திற் சேமிக்கும்போது, மூன்று பைட்டுகளைக் கொள்ளும். குறி என்றது அகரமேறிய எழுத்தையும், அதனோடு சேரும் கால், கொம்பு, புள்ளி முதலியவற்றையும் தனித்தனியே. ஆங்கில எழுத்துக்கோ ஒரு பைட்டே போதும். ஐ.பி.ரி.சி. முறையை வகுத்தோர் ஒவ்வொரு புலத்துக்கும் பைட்டுக் கணக்கில் எல்லை விதித்தனர். நகரத்தின் பெயருக்கு 32, எடுத்தவர் பெயருக்கு 32, ஒரு குறிப்புச் சொல்லுக்கு 64, விளக்கத்துக்கு 2000. ஆங்கிலத்துக்கு இவை தாராளம். தமிழுக்கோ 32 பைட்டு என்பது பத்துக் குறிகள் மாத்திரமே.

"யாழ்ப்பாணம்" என்னும் பெயரை எண்ணிப் பார்ப்போம். ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி. ஆகப் பதினொரு குறிகள், 33 பைட்டுகள். ஒரேயொரு பைட்டினால் எல்லை கடந்து விடுகின்றது! ஈற்றிலுள்ள புள்ளி முழுமையாக அமர இடமில்லை. திருகோணமலையும் கிளிநொச்சியும் பத்துக் குறிகளிலே அடங்கித் தப்புகின்றன. மட்டக்களப்போ பன்னிரண்டு குறிகளால் 36 பைட்டுகளைக் கேட்கின்றது. எல்லை மீறிய பெயரை எக்சிஃப்டூல் எச்சரிக்கையுடன் வெட்டிவிடும். சிறிய எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதே எனக் கட்டளையிட்டால், எல்லையைப் பாராமல் முழுப் பெயரையும் எழுதும். ஆனால் எல்லையைக் கண்டிப்பாகக் கொள்ளும் வேறு செயலி அதனை எவ்வாறு வாசிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

புள்ளி ஒன்று போனால் என்ன என்று கருதுதல் தமிழறிந்தார்க்கு இயலாது. ஏட்டிலே புள்ளியிடாது எழுதிய காலத்தில் மெய்யெது, உயிர்மெய்யெது என்று துணிவதற்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பட்ட பாடு சிறிதன்று. ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் அன்று புள்ளி விடப்பட்டது. இன்று பைட்டுக் கணக்கால் விடப்படுகின்றது.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஐ.பி.ரி.சி. அறையில் எழுத்துமுறை இன்னதென்று அறிவிக்கும் புலம் ஒன்று தனியாக இருக்கின்றது. அவ்வறிவிப்பு இல்லையாயின், எக்சிஃப்டூல் அவ்வறையை இலத்தீன் எழுத்துக்குரியதென்றே கொள்ளும். இலத்தீன் வரிசையில் தமிழெழுத்துக்கு இடமில்லை. ஆகவே பெயர் நின்ற இடத்தில் வினாக்குறிகளே வரிசையாக நிற்கும். எழுதிய பெயரை அவற்றிலிருந்து மீட்க வழியில்லை. படங்கள் ஆயிரத்துக்கு ஒரே கட்டளையால் விளக்கம் எழுதி, எச்சரிக்கைகளை வாசியாமல் மூலத்தையும் அழித்துவிட்டால் இழப்பு எத்தகையதென நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, ஐ.பி.ரி.சி. அறையில் எழுதும்போதெல்லாம் எழுத்துமுறை யூ.ரி.எஃப்.-8 என்னும் அறிவிப்பையும் உடன் எழுதுதல். இரண்டாவது, தமிழ் விளக்கங்களுக்கு எக்ஸ்.எம்.பி. அறையையே முதன்மையாகக் கொள்ளுதல். அதற்கு யூனிக்கோட்டு இயல்பானது, அத்தகைய குறுகிய எல்லைகளும் அதில் இல்லை. அன்றியும், ஒரே விளக்கத்தைப் பல மொழிகளில் அருகருகே வைக்க அது இடந்தருகின்றது. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என எழுதி, ஒவ்வொன்றுக்கும் மொழிக்குறி இடலாம். மும்மொழி வழங்கும் நம் நாட்டுச் சேகரிப்புகளுக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. மூன்றாவது, மூன்று அறைகளையும் இசைவித்து எழுதும் துணைப்பகுதியை அமைவுக் கோப்பிற் சேர்த்தல். அடோபி, அப்பிள், மைக்ரோசொவ்ற், சோனி முதலிய நிறுவனங்கள் கூடிய மீதரவுச் செயற்குழு ஒன்று வகுத்த நெறிகளின் இரண்டாம் பதிப்பு 2010 இல் வெளியாயிற்று. எவ்வறையை எப்பொழுது நம்புவது, திருத்தும்போது எவற்றைச் சேர்த்துத் திருத்துவது என்பன அதிற் கூறப்பட்டுள்ளன. அந்நெறியைப் பின்பற்றும் பகுதி எக்சிஃப்டூலுடனேயே வருகின்றது. அதனை இயக்கினால் விளக்கம் எக்சிஃபிலும் எக்ஸ்.எம்.பி.யிலும் ஒருங்கே எழுதப்படும், ஐ.பி.ரி.சி. அறை முன்னரே இருந்தால் அதுவும் திருத்தம் பெறும். எக்சிஃப் முறை நெடுங்காலமாக ஆங்கில எழுத்துகளையே தன் விளக்கப் புலத்துக்கு விதித்திருந்தது. 2023 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பே யூ.ரி.எஃப்.-8 ஐ ஏற்றுக்கொண்டது.

அடுத்து நாளும் நேரமும். எக்சிஃபில் மூன்று நாட்கள் உள. உருவம் முதலிற் பதியப்பட்ட நாள் ஒன்று. அஃது எண்முறைக் கோப்பாகிய நாள் ஒன்று. கோப்புத் திருத்தப்பட்ட நாள் ஒன்று. கமராவில் எடுத்த படத்துக்கு முதலிரண்டும் ஒன்றே. ஆனால், 1958 இல் எடுத்த காகிதப் படத்தை 2024 இல் வருடிக் கணினியில் ஏற்றினால், முதல் நாள் 1958, இரண்டாவது 2024. வருடும் கருவி இவ்வேறுபாட்டை அறியாது. தன் கடிகாரம் காட்டும் நாளையே எழுதும். அதனைத் திருத்தாது விட்டால், பாட்டனாரின் திருமணம் பேரனின் காலத்தே நிகழ்ந்ததாகப் பட்டியலில் நிற்கும். ஆண்டு மாத்திரம் தெரிந்து திங்களும் நாளும் தெரியாதவிடத்து, தை முதலாந் தேதி என்று புனைந்து எழுத வேண்டியதில்லை; எக்ஸ்.எம்.பி. அறை ஆண்டை மட்டும் எழுதினும் ஏற்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுதலினும், தெரிந்த அளவில் நிறுத்துதலே நேர்மை.

நேரத்தில் இன்னொரு நுணுக்கம் உளது. எக்சிஃப் எழுதும் நேரம் கமராக் கடிகாரம் காட்டியதே. அஃது உலகப் பொதுநேரத்துக்கு எவ்வளவு முந்தியது என்பதை எழுதத் தனிப் புலம் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்க்கப்பட்டது. இலங்கையின் சட்ட நேரமோ இடையில் மாறியிருக்கின்றது. ஐந்தரை மணியாக இருந்த முந்தல் 1996 மே மாதத்தில் ஆறரை மணியாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணியாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கம் உலகப் பொதுநேரம் 0 மணி 58 நிமிடத்துக்கு நிகழ்ந்தது. அன்று கொழும்பின் கடிகாரம் காட்டியது காலை 6 மணி 58 நிமிடம். இன்றைய கணக்கை அன்றைக்கும் பொருத்தினால் 6 மணி 28 நிமிடம் என்றாகும். அந்நாளிற் கரையோரங்களில் எடுத்த படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள். அவற்றுக்கெல்லாம் ஐந்தரை மணி முந்தல் என்று ஒரே கட்டளையில் எழுதிவிட்டால், ஒவ்வொரு படமும் அரைமணி நேரம் பிறழும். அலை வந்த நிமிடத்தை ஆராய்வோர்க்கு அரைமணி பெரும் பிழையன்றோ? ஆகவே, காலப்பகுதிக்கேற்ப முந்தலைப் பிரித்து அமைத்தல் வேண்டும். கமராவின் கடிகாரமே பிழையாயிருந்தால், ஒரு தொகுதிப் படங்களின் நேரத்தை ஒரே அளவால் முன்னோ பின்னோ நகர்த்தவும் எக்சிஃப்டூலுக்கு இயலும்.

இடத்தைப் பற்றிய குறிப்போ நன்மையும் தீமையும் ஒருங்கே உடையது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில், அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடம் சில மீற்றர் அளவுக்குத் துல்லியமாகப் பதியும். 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுப் பொலிசார் விசாரணைக்காகத் தேடிய கணினித் தொழிலதிபர் ஜோன் மக்கஃபி என்பார் தலைமறைவாய்த் திரிந்தார். அவரோடு சென்ற சஞ்சிகையாளர் வெளியிட்ட ஒரு படத்தில் இடக்குறிப்பு நீக்கப்படாதிருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பதைப் பார்த்தவர் எவரும் அறிந்துகொண்டனர். சில நாட்களில் அங்கே அவர் தடுத்து வைக்கப்பட்டார். தலைமறைவாய்த் திரிபவருக்கு மட்டுமே இஃது இடர் என்று கருதற்க. பிள்ளையின் பிறந்தநாட் படத்தை வெளியிடும் தாய், தன் வீட்டு வாசலையும் உலகுக்குக் காட்டுகின்றாள்.

ஆதலால், வீட்டிற் பேணும் பிரதிக்கும் வெளியே அனுப்பும் பிரதிக்கும் வெவ்வேறு அமைவு வைத்தல் நன்று. வெளிச்செல்லும் பிரதியில் எக்சிஃபின் இடக்குறிப்பை நீக்கியதோடு அமையலாகாது, எக்ஸ்.எம்.பி.யிலும் அதே குறிப்பு இருக்கலாம். கோப்பினுள் அடங்கிய சிறுபடமும் கவனிக்கத்தக்கது; பெரிய படத்தில் வெட்டி நீக்கிய பகுதி சிறுபடத்தில் நீங்காதிருத்தல் உண்டு. யாவற்றையும் நீக்கு என்று கட்டளையிட்டாலோ நிறவிவரமும் சேர்ந்து நீங்கி, சில படங்களின் நிறம் வேறுபடும். அதனை மாத்திரம் விலக்கி அமைத்தல் வேண்டும். ஆய்வுக்காக ஊரளவில் இடம் தெரிய வேண்டுமெனின், பாகைக்குப் பின் இரண்டு தசம தானங்களை மட்டும் வைக்கலாம். அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அளவுக்கே இடத்தைச் சுட்டும். ஆறு தானங்கள் வைத்தால் ஏறக்குறைய பத்துச் சதமமீற்றர்.

சிலர்க்குத் தம் சேகரிப்புக்கென்றே தனிப் புலங்கள் வேண்டியிருக்கலாம். மூலப் படம் இப்பொழுது எவரிடம் உள்ளது, பெயர்களைச் சொன்னவர் யார் என்பன போன்றவற்றுக்கு ஆயத்தமான புலம் தேடி அலைதல் வேண்டா. அமைவுக் கோப்பில், தமக்குரிய பெயர்வெளி ஒன்றை வகுத்து, எக்ஸ்.எம்.பி.யில் புதிய புலங்களை உண்டாக்கலாம். ஆனால் முதலில், வேண்டிய புலம் முன்னரே உளதா என்று பார்த்தல் அறிவுடைமை. படத்திலுள்ளோர் பெயரை எழுதுவதற்கு ஐ.பி.ரி.சி. மன்றத்தாரின் விரிவுப் பகுதியிலே புலம் உள்ளது. பொதுப் புலத்தில் எழுதியதைப் பல செயலிகள் வாசிக்கும். சொந்தப் புலத்தைச் சொந்தக்காரரே அறிவார். அமைவுக் கோப்பு இல்லாத கணினியிலும் எக்சிஃப்டூல் அச்சொந்தப் புலத்தை வாசித்துக் காட்டும், எழுத மாட்டாது. ஆகையால் அமைவுக் கோப்பையும் படங்களோடு ஒரே பெட்டகத்தில் வைத்தல் வேண்டும்.

எழுதுங்கால் கொள்ளவேண்டிய பாதுகாப்புகளையும் கூறுவோம். எக்சிஃப்டூல் உருவத்தை மீண்டும் சுருக்குவதில்லை. மீதரவை மாற்றுவதால் படத்தின் தரம் குன்றாது. அன்றியும், மாற்றிய கோப்பைப் புதிதாக எழுதி, பழையதை மூலம் எனப் பெயர் சேர்த்து அருகில் வைக்கும். இடம் வீணாகின்றதென்று அதனை உடனே அழிக்குமாறு அமைப்பது பலர் வழக்கம். பத்துப் படங்களின் பிரதிகளிற் செய்து பார்த்து, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்புநோக்கி, தமிழ் பழுதின்றி நிற்கின்றது எனக் கண்ட பின்னரே முழுத் தொகுதிக்கும் செல்க. மூலத்தை அழிப்பது அதற்கும் பின்னாக இருக்கட்டும்.

கருவியையும் புதிதாக வைத்தல் அவசியம். 7.44 முதல் 12.23 வரையிலான எக்சிஃப்டூல் பதிப்புகளில், தேஜாவூ என்னும் கோப்புவகையை வாசிக்கும் பகுதியிலே ஒரு குறை இருந்தது. சூழ்ச்சியாக ஆக்கிய கோப்பொன்றை வாசித்த மாத்திரத்தே, அதனுட் பொதிந்த கட்டளை கணினியில் இயங்கும். 2021 ஏப்ரலில் வெளியான 12.24 ஆம் பதிப்பில் அது தீர்க்கப்பட்டது. வாசிப்பதுதானே, என்ன தீங்கு வரும் என்று எண்ணுதல் தகாது. முன்பின் அறியாத கோப்புகளை வாசிக்கும் கருவி, தன் வாசலைக் காக்கும் வகையில் என்றும் புதுக்கப்பட வேண்டும்.

இவ்வளவும் சொன்னவை கருவியைப் பற்றியன. கருவி எழுதத் தரவேண்டிய செய்தி கருவியிடம் இல்லை. கமரா நாளைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும், இடத்தையும் சொல்லும். முன்வரிசையில் இடப்புறமாக நிற்பவர் யார் என்பதைச் சொல்லாது. குடும்பங்கள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் சிதறியிருக்கும் இக்காலத்தில், அதனைச் சொல்லவல்லவர் ஒரு குடும்பத்தில் ஒருவராகவே இருத்தல் கூடும். எழுத்துமுறை, நாள், இடம், பாதுகாப்பு ஆகிய நான்கையும் ஒருமுறை ஒழுங்காக அமைத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பின் செய்யவேண்டியது, படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, முதியோர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதே. அமைவு வேலை பிந்தினால் நாளையும் செய்யலாம். அம்முதியோரிடம் கேட்கும் வேலையைப் பிந்தவிடலாகாது.